சரக்கு வண்டியின் மூச்சுக்குழல்: டீசல் இஞ்சினில் கரி அகற்றும் முறை

வணிகருக்குக் கடையும் தராசும் எப்படி மூலதனமோ, அப்படியே சரக்கு வண்டியும் ஒரு மூலதனம். முன்பெல்லாம் மண்டியில் வாங்கிய மூட்டைகள் மாட்டு வண்டியிலும் வாடகை வேனிலும் கடைக்கு வந்தன. 2005ஆம் ஆண்டு டாடா ஏஸ் சந்தைக்கு வந்து, நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் சூட்டிய பிறகு, சிறு மளிகைக் கடைக்காரரும் சொந்த வண்டி வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை ஏற்பட்டது. அதன் பின் வந்த டீசல் பிக்கப் வண்டிகள் இன்று மொத்த வியாபாரத்தின் முதுகெலும்பாக இருக்கின்றன.

ஆனால் தராசுக்கு முத்திரை வைக்க மறக்காத நாம், வண்டியின் இஞ்சினைப் பற்றி அது நிற்கும்வரை நினைப்பதில்லை. "வண்டி முன்போல் இழுக்கவில்லை, டீசல் அதிகம் குடிக்கிறது, கரும்புகை வருகிறது" என்ற குறை பல வணிகர்களிடம் உண்டு. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று, இஞ்சினுக்குள் காற்று செல்லும் பாதையில் கரி படிந்து அடைத்துக்கொள்வது. இந்தக் கரி எப்படி வருகிறது, எந்த அளவு வேலையை நாமே வீட்டில் செய்துகொள்ளலாம், எதைத் தொடக்கூடாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கரி எங்கிருந்து வருகிறது?

இஞ்சினுக்கு டீசல் மட்டும் உணவன்று, காற்றும் உணவே. ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று தேவை. டீசல் இஞ்சின் அதைவிட அதிகக் காற்றை இழுத்துக்கொண்டுதான் ஓடுகிறது. இந்தக் காற்று ஏர் பில்டர் வழியாக வந்து, டர்போ உள்ள வண்டியில் டர்போவால் அழுத்தப்பட்டு, குளிர்விக்கப்பட்டு, 'இன்டேக் மேனிபோல்டு' என்னும் பல கிளைக் குழாய் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிந்து செல்கிறது.

தூய காற்று மட்டும் செல்ல வேண்டிய இந்தப் பாதையில் கரிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு வழிகளில் அழுக்கு வருகிறது.

முதலாவது, இ.ஜி.ஆர். என்னும் அமைப்பு. சிலிண்டருக்குள் வெப்பம் மிக அதிகமானால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. இதைக் குறைப்பதற்காக, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்புகிறார்கள். அந்தப் புகையில் ஆக்சிஜன் குறைவு என்பதால் எரியும் வெப்பம் தணிகிறது. நச்சு வாயுவும் குறைகிறது. ஆனால் அந்தப் புகையோடு நுண்ணிய கரித்தூளும் காற்றுப் பாதைக்குள் வந்துவிடுகிறது.

இரண்டாவது, எண்ணெய் ஆவி. பிஸ்டனைத் தாண்டிக் கசியும் வாயு, இஞ்சினின் அடிப்பகுதியில் சேர்ந்து, 'பிரீதர்' குழாய் வழியாக மீண்டும் காற்றுப் பாதைக்கே அனுப்பப்படுகிறது. அதில் இஞ்சின் ஆயிலின் ஆவி கலந்திருக்கும்.

உலர்ந்த கரித்தூள் மட்டும் வந்தால் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். எண்ணெய் ஆவி மட்டும் வந்தால் மெல்லிய பிசுக்காக நின்றுவிடும். இரண்டும் சேரும்போதுதான் தொல்லை. மாவும் எண்ணெயும் கலந்தாற்போல் பிசைந்து, முதலில் கருப்பு மசியாகவும், நாளடைவில் தார்போலவும், பின்னர் கெட்டிக் கட்டியாகவும் சுவரில் படிகிறது. பழைய கார்புரேட்டர் பெட்ரோல் இஞ்சினில் எரிபொருளும் அதே வழியாகச் சென்றதால் பாதை ஓரளவு கழுவப்பட்டது. டீசல் இஞ்சினில் எரிபொருள் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. ஆகவே காற்றுப் பாதையைக் கழுவ எதுவும் இல்லை. படிந்தது படிந்தபடியே இருக்கும்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாதை குறுகினால் காற்று குறையும். காற்று குறைந்தால் டீசல் சரியாக எரியாமல் கரும்புகை அதிகமாகும். அந்தக் கரும்புகையில் ஒரு பங்கு மீண்டும் இ.ஜி.ஆர். வழியாக உள்ளே வரும். கரி கரியை வளர்க்கிறது. வணிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இது கூட்டு வட்டிக் கணக்கு.

நம் வண்டிகளுக்கு ஏன் அதிகம்?

இ.ஜி.ஆர். அமைப்பு பெரும்பாலும் மிதமான வேகத்திலும் குறைந்த சுமையிலும்தான் வேலை செய்கிறது. முழுச் சுமையுடன் மேட்டில் ஏறும்போது பெரும்பாலும் மூடிக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் சூடாக ஓடும் வண்டியில் கரி குறைவாகச் சேர்வதும், ஊருக்குள் கடைகடையாக நின்று சரக்கு இறக்கும் வண்டியில் அதிகம் சேர்வதும் இதனால்தான். இஞ்சின் சூடேறும் முன்பே அணைப்பது, சரக்கு இறக்கும்போது அரை மணி நேரம் இஞ்சினை ஓடவிடுவது ஆகிய இரண்டும் கரியை விரைந்து சேர்க்கும் பழக்கங்கள்.

அறிகுறிகளும் முதற் சோதனைகளும்

1. மேட்டில் இழுவை குறையும். முன்பு மூன்றாவது கியரில் ஏறிய பாலத்தில் இரண்டாவது கியர் தேவைப்படும்.
2. ஆக்சிலேட்டரை மிதித்ததும் கரும்புகை வரும்.
3. நின்று ஓடும்போது இஞ்சின் சீராக இல்லாமல் துள்ளும்.
4. டீசல் செலவு கூடும்.
5. மின்னணுக் கட்டுப்பாடு உள்ள வண்டியில் இஞ்சின் விளக்கு எரியும்.

இவற்றுள் டீசல் செலவைக் கணக்கெழுதிப் பார்ப்பவர்கள் மட்டுமே ஆரம்பத்தில் கண்டுபிடிக்க முடியும். வண்டிக்கென ஒரு சிறு நோட்டு வைத்து, ஒவ்வொரு முறையும் டாங்கை நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரையும் போட்ட லிட்டரையும் எழுதி வரவும். மைலேஜ் குறைவது நோட்டில் தெரிந்துவிட்டால், ஓட்டுநரைச் சந்தேகிக்கும் முன் வண்டியைச் சந்தேகிக்க வழி பிறக்கும். பல ஆண்டுகள் நம்பிக்கையாக உழைத்த ஓட்டுநர் மீது "டீசல் விற்கிறாய்" என்று பழி சுமத்திய பிறகு, குறை இஞ்சினில்தான் என்று தெரியவந்தால், போன நல்லெண்ணத்தை எந்தப் பட்டறையிலும் பழுதுபார்க்க முடியாது.

மேற்படி அறிகுறிகள் எல்லாம் கரியால்தான் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. செலவு குறைந்த காரணங்களை முதலில் பார்ப்பதே முறை. ஏர் பில்டர் அடைத்திருக்கிறதா? டீசல் பில்டர் மாற்றி எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று? டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா, அல்லது கிளிப் தளர்ந்திருக்கிறதா? வெடித்த ஹோஸ் உள்ள வண்டியில், வேகம் கூட்டும்போது 'உஸ்' என்ற ஓசை கேட்கும்; இழுவை இருக்காது; கரும்புகை வரும். கிளிப்பை இறுக்கினால் தீரும் குறைக்காக மேனிபோல்டைக் கழற்ற வேண்டாம். இஞ்சின் விளக்கு எரிந்தால், எதையும் கழற்றும் முன் ஸ்கேனர் உள்ள பட்டறையில் குறையின் எண்ணைப் படித்துக் குறித்துக்கொள்ளவும்.

வெள்ளைப் புகை வந்தாலோ, வெளியில் கசிவு இல்லாமல் கூலன்ட் குறைந்தாலோ, அது வேறு நோய். இ.ஜி.ஆர். புகையைக் குளிர்விக்கும் கூலர் ஓட்டையாகியிருக்கலாம். ஹெட் கேஸ்கட்டும் போயிருக்கலாம். அதற்கு உடனே பட்டறைக்குப் போக வேண்டும்.

எதை வீட்டில் செய்யலாம்?

நம்மிடமோ நம் ஓட்டுநரிடமோ ஸ்பேனர் பிடித்த பழக்கம் இருந்தால், கைக்கு எட்டும் இடத்திலுள்ள காற்றுக் குழாய்கள், மேனிபோல்டின் வாய்ப்பகுதி, இ.ஜி.ஆர். வால்வு ஆகியவற்றை ஒரு விடுமுறை நாளில் துப்புரவு செய்துவிடலாம். மேனிபோல்டு முழுவதையும் கழற்றுவது வண்டிக்கு வண்டி வேறுபடும். குறுக்கே வேறு எதுவும் இல்லாமல் போல்டுகள் தெரியுமானால் செய்யலாம்.

பின்வரும் நிலைகளில் வீட்டில் தொட வேண்டாம்.

வாரன்டி முடியாத வண்டி: கம்பெனி சர்வீஸ் நிலையமே ஏற்றது.

டீசல் உயர் அழுத்தக் குழாய்களைக் கழற்றினால்தான் மேனிபோல்டு வரும் என்ற அமைப்பு: காமன் ரெயில் இஞ்சினில் டீசல் 1,000 பாருக்கும் அதிகமான அழுத்தத்தில் நிற்கிறது. நாம் டயரில் அடிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் இது ஏறத்தாழ முந்நூறு மடங்கு. ஊசிமுனை அளவு கசிவும் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

2020 ஏப்ரலுக்குப் பின் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 வண்டிகள்: இவற்றில் பல சென்சார்களும், புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் உண்டு. அந்த வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவது நம் வேலையன்று. காற்றுக் குழாய், ஏர் பில்டர் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தேவையான பொருட்கள்

சாக்கெட், ஸ்பேனர் செட், துரு விடுவிக்கும் ஸ்பிரே, கார்புரேட்டர் கிளீனர் இரண்டு டப்பா, மண்ணெண்ணெய் அல்லது டீசல் இரண்டு லிட்டர், பாத்திரம் கழுவும் சோப்பு, பாட்டில் கழுவும் பிரஷ், பழைய பல் பிரஷ், மூங்கில் குச்சி, பிளாஸ்டிக் சுரண்டி, நூல் பிரியாத பழைய பருத்தித் துணி, ரப்பர் கையுறை, கண்ணாடி, முகமூடி, இரும்புத் தட்டு அல்லது பழைய டின், புதிய கேஸ்கட்டுகள்.

கேஸ்கட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது முக்கியம். வண்டியைக் கழற்றிப் போட்டபின் கேஸ்கட் கிடைக்கவில்லை என்றால், மறுநாள் மண்டிக்குப் போக வாடகை வண்டி தேட வேண்டியிருக்கும். உதிரிபாகக் கடையில் வண்டியின் சேசிஸ் எண்ணைக் காட்டி வாங்கவும்.

முகமூடியை அலட்சியம் செய்ய வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2012ஆம் ஆண்டில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நாம் சுரண்டுவது அந்தப் புகையின் கரி. காய்ந்த கரியைக் காற்றடித்துப் பறக்கவிடக் கூடாது; நனைத்துத் துடைக்கவும்.

வேலை முறை

1. வண்டியைச் சமதளத்தில், காற்றோட்டமான திறந்த இடத்தில் நிறுத்தி, கைப் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்கவும். முதல் நாள் இரவே நிறுத்திவிடுவது நல்லது. இ.ஜி.ஆர். குழாய் புகைக்குழாயோடு சேர்ந்தது; வெகுநேரம் சூடு தாங்கும்.

2. சாவியை எடுத்து, சில நிமிடம் கழித்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்கி வைக்கவும்.

3. கழற்றப்போகும் இணைப்புகளைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் முதலில் துடைக்கவும். கரியை எடுக்கப்போய் மணலை உள்ளே விட்டால், இலாபத்தைத் தேடி முதலை இழந்த கதையாகிவிடும்.

4. செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளவும். ஓர் அட்டையில் மேனிபோல்டின் படத்தை வரைந்து, ஒவ்வொரு போல்டையும் கழற்றிய இடத்துக்கு நேரே குத்தி வைக்கவும். போல்டுகள் எல்லாம் ஒரே நீளமாக இருப்பதில்லை.

5. காற்று ஹோஸின் கிளிப்பைத் தளர்த்திக் கழற்றவும். உள்ளே மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது இயல்பு. எண்ணெய் குட்டையாக நின்றால் டர்போவில் கசிவு இருக்கலாம். அதைக் கவனிக்காமல் கரியை மட்டும் எடுத்துப் பயனில்லை.

6. சென்சார், இ.ஜி.ஆர். வால்வு ஆகியவற்றின் கப்ளர்களைப் பூட்டை அழுத்தி விடுவிக்கவும். ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். பின்னர் வால்வின் போல்டுகளைக் கழற்றவும். துருப்பிடித்து அசையவில்லை என்றால், துரு விடுவிக்கும் ஸ்பிரேயை அடித்துக் காத்திருக்கவும். முறிந்த போல்டை எடுக்க லேத் பட்டறைக்குக் கொடுக்கும் கூலி, அந்த நாளின் சிக்கனத்தை விழுங்கிவிடும். கூலன்ட் குழாய் இணைந்த கூலரை அப்படியே விட்டுவிடவும்.

7. குழாய் அல்லது மேனிபோல்டு கழன்றவுடன், இஞ்சின் பக்கம் திறந்திருக்கும் துளைகள் ஒவ்வொன்றையும் உள்ளே நழுவாத அளவு பெரிய துணியால் அடைக்கவும். எத்தனை துணி அடைத்தோம் என்று அட்டையிலேயே எழுதவும். பூட்டும்போது இருப்பு சரிபார்ப்பதுபோல் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். ஒரு துண்டுத் துணியோ ஒரு நட்டோ உள்ளே போனால் இஞ்சினே பாழாகும்.

8. தனியே கழற்றிய குழாயிலும் மேனிபோல்டிலும் முதலில் கெட்டியான கரியை மூங்கில் குச்சி, பிளாஸ்டிக் சுரண்டி கொண்டு அகற்றவும். பெரும்பாலான மேனிபோல்டுகள் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக். இரும்புச் சுரண்டியும் கம்பி பிரஷும் கோடு போட்டுவிடும். பிறகு மண்ணெண்ணெயில் சில மணி நேரம் ஊறவிட்டு, பாட்டில் பிரஷால் தேய்க்கவும். மீதியைக் கார்புரேட்டர் கிளீனர் எடுக்கும். பிளாஸ்டிக் மேனிபோல்டானால் கிளீனர் டப்பாவில் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கவும். ரப்பர் வளையங்களை முன்பே எடுத்துவிடவும்.

9. ஒயரும் சென்சாரும் இல்லாத வெறும் பாகங்களைக் கடைசியாகச் சோப்பு நீரில் கழுவி, நன்றாக அலசி, வெயிலில் முழுமையாகக் காயவைக்கவும். ஒரு சொட்டுத் திரவமும் உள்ளே தங்கக் கூடாது.

10. இ.ஜி.ஆர். வால்வை நீரிலோ மண்ணெண்ணெயிலோ மூழ்கவைக்கக் கூடாது. அதன் ஒரு பாதியில் மின் மோட்டார் இருக்கிறது. வாய்ப்பகுதியைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, கிளீனரைத் துணியிலோ பல் பிரஷிலோ அடித்துத் துடைக்கவும். வால்வு முழுமையாக மூடிக்கொள்ளும்படி அதன் இருக்கை தூய்மையாக வேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறக்க முயல வேண்டாம்; பல்சக்கரம் உடையும்.

11. மேனிபோல்டில் உள்ள அழுத்த சென்சாரின் முனையைத் துணியால் மென்மையாகத் துடைக்கலாம். ஏர் பில்டருக்கு அருகே உள்ள, காற்றின் அளவைக் காட்டும் சென்சாரைப் பிரஷாலோ விரலாலோ தொடவே கூடாது. அதற்கென விற்கும் தனி ஸ்பிரேயை மட்டும் பயன்படுத்தவும்.

12. இஞ்சின் ஹெட்டின் துளை வாயில் ஒட்டிய கரியைத் துணியால் துடைத்தெடுப்பதோடு நிறுத்தவும். உள்ளே வால்வுவரை சுரண்டுவது வீட்டு வேலையன்று. திறந்திருக்கும் வால்வு வழியாகக் கட்டி சிலிண்டருக்குள் விழுந்துவிடும்.

செய்யவே கூடாதவை

முதலாவது: இஞ்சின் ஓடும்போது காற்றுப் பாதையில் கிளீனரையோ, டீசலையோ, மண்ணெண்ணெயையோ, தண்ணீரையோ அடிக்கக் கூடாது. கழற்றாமலே கரி போய்விடும் என்று இதைச் சிலர் எளிய வழியாகச் சொல்வார்கள். டீசல் இஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றோடு எரியக்கூடிய ஆவி எது வந்தாலும் அதை எரித்து ஓடும். அப்படி வரும் ஆவி அதிகமானால் இஞ்சின் தன் கட்டுப்பாட்டை இழந்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வெறிகொண்டு ஓடும். இஞ்சின் சிதறிப் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து நேரலாம். திரவம் அதிகமாகப் போனாலோ, அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அடர்ந்து வரும் கரிக்கட்டி டர்போவையும் கெடுக்கும்.

எக்காரணத்தாலாவது டீசல் இஞ்சின் இப்படி நிற்காமல் ஓடினால், ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் வண்டியைப் பெரிய கியரில் போட்டு, பிரேக்கை முழுமையாக அழுத்தி, கிளட்சை விட்டு இஞ்சினை அடைக்க வேண்டும். மற்றவர்கள் பானட் அருகில் நிற்காமல் விலகிவிட வேண்டும். காற்றுக் குழாயைக் கையால் அடைக்க முயலக் கூடாது. இதை ஓட்டுநர்களுக்குச் சொல்லி வைப்பது முதலாளியின் கடமை.

இரண்டாவது: காஸ்டிக் சோடா. நம் கடையிலோ பக்கத்துக் கடையிலோ மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைக் கரைத்து மேனிபோல்டை ஊறவைக்கக் கூடாது. காஸ்டிக் அலுமினியத்தை அரித்துத் தின்னும். அப்போது தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். கழிப்பறை கழுவும் ஆசிடும் அப்படியே.

மூன்றாவது: பெட்ரோல். அதன் ஆவி தரையோடு பரவி, தொலைவிலுள்ள நெருப்பைத் தேடிப் பிடிக்கும். மண்ணெண்ணெய் பயன்படுத்தும்போதும் அருகில் பீடி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் வேண்டாம். ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும்.

நான்காவது: சரக்கு உள்ள இடத்தில் இந்த வேலை கூடாது. அரிசி, மைதா, டீத்தூள் ஆகியவை மண்ணெண்ணெய் வாடையை எளிதில் பிடித்துக்கொள்ளும். ஒரு மூட்டை திரும்பி வந்தால், வேலையில் மிச்சமானதைவிட நட்டம் அதிகம். கடை வாசலிலோ கிடங்கிலோ செய்யாமல், வீட்டுப் பின்புறத்தில் செய்யவும். கையுறையோடு கடைக்குள் வர வேண்டாம். கழிவை ஒரு டின்னில் சேர்த்து, பழைய இஞ்சின் ஆயில் எடுப்பவரிடம் கொடுக்கவும். சாக்கடையில் ஊற்றக் கூடாது.

பூட்டுதலும் முதல் ஓட்டமும்

கேஸ்கட் அமரும் முகங்களில் பழைய துணுக்குகள் இல்லாமல் துடைக்கவும். துணிகளை எண்ணி எடுக்கவும். புதிய கேஸ்கட் வைத்து, எல்லா போல்டுகளையும் முதலில் கையால் திருகிவிட்டு, நடுவிலிருந்து இரு பக்கமும் மாறிமாறி, இரண்டு மூன்று சுற்றுகளாக இறுக்கவும். ஒரே மூச்சில் ஒரு பக்கம் இறுக்கினால் அலுமினியம் கோணும். டார்க் ரெஞ்ச் இருந்தால் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவைப் பின்பற்றவும். கப்ளர்கள் 'டக்' என்ற ஓசையோடு பூட்டிக்கொள்ள வேண்டும். பேட்டரியைக் கடைசியாக இணைக்கவும்.

ஸ்டார்ட் செய்தவுடன் சற்றுப் புகை வரலாம். சில நிமிடத்தில் தெளியும். நின்று ஓடும்போது ஹோஸ் இணைப்புகளில் காற்றுக் கசிவு ஓசை இருக்கிறதா என்று கேட்கவும். பிறகு சுமையில்லாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவந்து, கிளிப்புகளை மறுபடி இறுக்கிப் பார்க்கவும். இஞ்சின் விளக்கு எரிந்தாலோ, ஐடில் சீராக இல்லாவிட்டாலோ, வால்வின் புதிய நிலையை ஸ்கேனர் கொண்டு பதியவைக்க வேண்டியிருக்கும். அது பட்டறையில் சில நிமிட வேலை.

இ.ஜி.ஆர்.ஐ அடைத்துவிடலாமா?

பலர் கேட்கும் கேள்வி இது. "தகடு வைத்து அடைத்துவிட்டால் கரியே வராதே" என்று ஆலோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அது சட்டப்படி குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, புகை மாசு விதிகளை மீறும் வண்டிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மின்னணு இஞ்சின் இதைக் கண்டுபிடித்து விளக்கை எரியவிட்டு, இழுவையையும் குறைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வண்டி நாள் முழுதும் நிற்பது நம் கடைத் தெருவில்தான். அந்த நச்சு வாயுவை முதலில் சுவாசிப்பவர்கள் நாமும், நம் கடைப் பையன்களும், வாடிக்கையாளர்களும்தான்.

மீண்டும் சேராதிருக்க

1. சரக்கு ஏற்றி இறக்கும்போது இஞ்சினை நிறுத்தவும். டர்போ வண்டி நெடுந்தூரம் ஓடி வந்திருந்தால் மட்டும் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தவும்.
2. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நல்ல சாலையில், இஞ்சின் முழுச் சூட்டில் ஓட வாய்ப்புக் கொடுக்கவும்.
3. ஏர் பில்டரை உரிய காலத்தில் மாற்றவும். மண் சாலையில் ஓடும் வண்டிக்கு இன்னும் முன்பே மாற்றவும்.
4. இஞ்சின் ஆயிலை அளவுக் குச்சியின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்ற வேண்டாம். மிகையான ஆயில் பிரீதர் வழியாகக் காற்றுப் பாதைக்கே வரும். சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன தர ஆயிலையே வாங்கவும், பி.எஸ்.6 வண்டிக்கு இது மிக முக்கியம்.
5. மைலேஜ் நோட்டை நிறுத்தாமல் எழுதவும்.

கணக்குப் பார்ப்போம்

ஒரு வண்டி நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் வீதம் மாதம் 26 நாள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 12 ஆகக் குறைந்தால், மாதத்துக்கு ஏறத்தாழ 31 லிட்டர் டீசல் கூடுதலாகச் செலவாகும். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டாலும், மாதம் 2,790 ரூபாய். ஆண்டுக்கு 33,000 ரூபாய்க்கு மேல். ஒரு கிலோ சர்க்கரையில் ஓரிரு ரூபாய் இலாபம் பார்க்கும் நமக்கு, இந்தப் பணம் எத்தனை மூட்டை சர்க்கரையின் உழைப்பு என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கரி எடுத்தபின் மைலேஜ் பழைய நிலைக்கு வருகிறதா என்பதை நோட்டே சொல்லும். மூன்று நான்கு டாங்க் டீசல் போட்டும் மாற்றம் இல்லையென்றால், குறை இன்ஜெக்டரிலோ டர்போவிலோ வேறிடத்தில் இருக்கிறது, பட்டறையை நாடவும். அங்கே வாங்கும் உதிரிபாகத்துக்கும் கூலிக்கும் ஜி.எஸ்.டி. பில்லைக் கேட்டு வாங்கவும். சரக்கு வண்டியின் பழுதுச் செலவுக்குச் செலுத்திய வரியை, தொகுப்பு முறையில் இல்லாத வணிகர்கள் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. வரிவிலக்குப் பொருட்களும் விற்பவர்கள் தங்கள் கணக்காளரிடம் கேட்டுச் செய்யவும்.

முதல் முறை செய்பவர்கள் ஏர் பில்டரையும் ஹோஸையும் கழற்றிப் பார்ப்பதோடு தொடங்கலாம். உள்ளே எவ்வளவு படிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தபின், நாமே செய்வதா, மெக்கானிக்கிடம் கொடுப்பதா என்று முடிவு செய்யலாம். மெக்கானிக்கிடம் கொடுத்தாலும், என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்து நிற்கும் முதலாளிக்கு வேலையும் சரியாக நடக்கும். பில்லும் சரியாக வரும்.